களமிறங்காத வீரருக்கு கோடிகளில் சம்பளம்... பேக்கப் குவார்ட்டர்பேக் ஒப்பந்தம் என்.எஃப்.எல் டிரேட் சந்தையை ஆட்டிப்படைப்பது எப்படி?

2016 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி வழக்கம்போல பயிற்சியில் இருந்தது. முதல் ஆட்டத்துக்கு இன்னும் 12 நாட்களே பாக்கி. அணியின் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பந்தை எறிவதற்காக பின்னால் நகர்ந்தார். யாரும் அவரைத் தொடவில்லை, மோதவில்லை. ஆனாலும் சரிந்து விழுந்தார். முழங்கால் மூட்டு விலகி, தசைநார் கிழிந்திருந்தது. பயிற்சி பாதியில் நின்றது. ஆம்புலன்ஸ் வந்தது.

அடுத்த நான்கே நாட்களில், அடுத்த ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையே தூக்கிக் கொடுத்து வேறொரு குவார்ட்டர்பேக்கை வாங்கியது வைக்கிங்ஸ்.

சரி, அவ்வளவு பெரிய விலையை ஏன் கொடுத்தார்கள்? விற்ற அணியால் மட்டும் எப்படி ஒரு குவார்ட்டர்பேக்கை விட்டுக்கொடுக்க முடிந்தது? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்: பேக்கப் குவார்ட்டர்பேக். ஒரு அணியிடம் நம்பகமான மாற்று ஆள் இல்லை. இன்னொரு அணி ஐந்து மாதத்துக்கு முன்பே ஒருவரை ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது.

முதலில் அடிப்படை: யார் இந்த குவார்ட்டர்பேக்?

இது மெஸ்ஸி, ரொனால்டோ விளையாடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை கையால் எறிந்தும், ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். இதன் உச்சபட்ச லீக்தான் என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள். ஒவ்வொரு அணியிலும் 53 வீரர்கள். களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர்.

அந்த 11 பேரில் தாக்குதல் ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று சில விநாடிகளில் முடிவெடுப்பவர் அவர்தான். மற்ற இடங்களில் ஒருவர் காயம்பட்டால் சமாளித்துவிடலாம். குவார்ட்டர்பேக் போனால் சீசனே கையைவிட்டுப் போகலாம்.

இங்கே இன்னொரு சிக்கல். மற்ற இடங்களில் மாற்று வீரர்களும் இடையிடையே களமிறங்குவார்கள். குவார்ட்டர்பேக் இடத்தில் அப்படி இல்லை. முதல் ஆள் நன்றாக இருக்கும்வரை இரண்டாவது ஆள் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான். சீசன் முழுக்க ஒரு பந்துகூட எறியாமல் போகலாம். ஆனால் அழைப்பு வந்தால் அடுத்த நிமிடமே மொத்த அணியையும் தோளில் சுமக்க வேண்டும்.

அதனால்தான் ‘சும்மா உட்கார்ந்திருக்க’ கோடிக்கணக்கில் சம்பளம். உண்மையில் அது ஒரு காப்பீட்டு பிரீமியம் மாதிரி.

இங்கே பணம் கொடுத்து வீரரை வாங்க முடியாது!

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு ஏலம் பழக்கம். கையில் பணம் இருந்தால் கேட்டு வாங்கலாம். என்.எஃப்.எல்-லில் வேறு அணியின் ஒப்பந்தத்தில் உள்ள வீரர் வேண்டுமென்றால், பதிலுக்கு இன்னொரு வீரரைக் கொடுக்க வேண்டும். அல்லது டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்.

டிராஃப்ட் என்பது கல்லூரிகளிலிருந்து புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. மொத்தம் 7 சுற்றுகள். முதல் சுற்று வாய்ப்பு தங்கம் மாதிரி. எதிர்கால நட்சத்திரம் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார். 6, 7-வது சுற்று வாய்ப்புகள் சில்லறைக் காசு மாதிரி. டிரேட் சந்தையில் புழங்கும் நாணயம் இதுதான்.

சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2025 சீசனுக்கு ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். பேக்கப்புக்கு அதிகம் கொடுத்தால் வேறெங்கோ குறைக்க வேண்டும். ஆக, பேக்கப்பை எப்போது, எவ்வளவுக்கு எடுப்பது என்பது சின்ன முடிவு இல்லை.

ஒரு ஒப்பந்தம், நான்கு விளைவுகள்

ஒரு அணி பேக்கப் குவார்ட்டர்பேக்கை ஒப்பந்தம் செய்ததும் சந்தையில் என்ன நடக்கும்?

1. வாங்குபவர் ஒருவர் குறைகிறார். ‘எங்களுக்கு ஆள் கிடைச்சாச்சு’ என்று ஒரு அணி ஒதுங்கினால், விற்கக் காத்திருக்கும் அணிக்கு கிராக்கி குறையும்.

2. இலவசமாகக் கிடைக்கும் வீரர் ஒருவர் குறைகிறார். அணியில்லாத வீரரை எடுக்க டிராஃப்ட் வாய்ப்பு எதையும் இழக்க வேண்டாம், சம்பளம் கொடுத்தால் போதும். அப்படிப்பட்ட நல்ல வீரர்கள் தீர்ந்துபோனால், அடுத்து தேவைப்படும் அணி டிரேடுக்குத்தான் வர வேண்டும். அப்போது விலை ஏறும்.

3. ஒப்பந்தம் செய்த அணியே விற்பனையாளராக மாறலாம். இரண்டு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் ஆகிவிட்டால், ஒருவரை விற்கலாம்.

4. ஏற்கெனவே இருப்பவரின் மதிப்பு இறங்கலாம். ‘இவரை இவர்களே நம்பவில்லை’ என்று மற்ற 31 அணிகளுக்கும் தெரிந்துவிடும்.

முதல் இரண்டும் எதிரெதிராக இழுப்பதைக் கவனியுங்கள். ஒன்று விலையை இறக்கும், இன்னொன்று ஏற்றும். எது ஜெயிக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு அவசரம் என்பதைப் பொறுத்தது.

ஈகிள்ஸ் போட்ட கணக்கு

2016 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை 2 ஆண்டுகளுக்கு சுமார் 3.5 கோடி டாலரில் தக்கவைத்தது. அதே மாதம் சேஸ் டேனியல் என்பவரை பேக்கப்பாக எடுத்தது. 3 ஆண்டு, 2.1 கோடி டாலர். அதுவரை என்.எஃப்.எல்-லில் வெறும் 2 ஆட்டங்களில்தான் அவர் தொடக்க வீரராக ஆடியிருந்தார். ‘இவருக்கா இவ்வளவு?’ என்று கேட்கத் தோன்றும் தொகை.

அடுத்த மாதம் இன்னொரு அதிரடி. டிராஃப்டில் 2-வது இடத்துக்கு முன்னேற, தன் 2017 முதல் சுற்று வாய்ப்பு உட்பட பலவற்றை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்குக் கொடுத்து, கார்சன் வென்ட்ஸ் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது ஈகிள்ஸ். கோபமடைந்த பிராட்ஃபோர்ட் தன்னை டிரேட் செய்யச் சொல்லி சில நாட்கள் பயிற்சிக்கே வரவில்லை. அப்போது யாரும் பெரிய விலை கொடுக்க முன்வரவில்லை. அவரும் திரும்பி வந்தார்.

ஆகஸ்ட் இறுதியில் வைக்கிங்ஸ் கதவைத் தட்டியது. அவர்கள் முந்தைய சீசனில் 11 ஆட்டங்களை வென்று தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தவர்கள். புத்தம்புது ஸ்டேடியம் வேறு திறக்கப்படுகிறது. ஆனால் கையில் இருந்த பேக்கப் 36 வயது ஷான் ஹில். இந்த சீசனை வீணாக்க வைக்கிங்ஸுக்கு மனமில்லை என்பது ஊருக்கே தெரியும். அவசரம் யாருக்கு என்று தெரிந்துவிட்டால், விலை சொல்வது எதிராளிதான்!

ஈகிள்ஸ் கேட்டது கிடைத்தது. 2017 முதல் சுற்று வாய்ப்பு, கூடவே 2018-ல் நிபந்தனையுடன் கூடிய 4-வது சுற்று வாய்ப்பு. செப்டம்பர் 3-ல் டிரேட் முடிந்தது.

இங்கதான் டேனியலின் பங்கு. அறிமுக வீரர் வென்ட்ஸ் அப்போது விலா எலும்புக் காயத்திலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்தார். அவர் தடுமாறினால் யார் ஆடுவது? டேனியல் இருந்தார். அந்த தைரியம் இல்லாவிட்டால், சீசன் தொடங்க சில நாட்கள் இருக்கும்போது முதல்நிலை குவார்ட்டர்பேக்கை விற்பது தற்கொலைக்குச் சமம். டேனியல் அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட தொடக்க வீரராக இறங்கவில்லை. 16 ஆட்டங்களையும் வென்ட்ஸே தொடங்கினார். ஆனால் டேனியல் பெஞ்சில் இருந்ததால்தான் அந்த டிரேடே சாத்தியமானது.

அந்த டிரேட் கொடுத்த பரிசு

வைக்கிங்ஸ் அந்த சீசனை 5 தொடர் வெற்றிகளுடன் தொடங்கி, 8 வெற்றி 8 தோல்வியுடன் முடித்தது. அவர்கள் கொடுத்த வாய்ப்பு 14-வது இடமாக மாறியது. அதில் ஈகிள்ஸ் எடுத்தது டெரிக் பார்னெட் என்ற தற்காப்பு வீரரை.

2017 மார்ச்சில் டேனியலை விடுவித்த ஈகிள்ஸ், நிக் ஃபோல்ஸை 2 ஆண்டு, 1.1 கோடி டாலரில் பேக்கப்பாக எடுத்தது. இவர் யார் தெரியுமா? 2015-ல் இதே பிராட்ஃபோர்டை வாங்க ஈகிள்ஸ் விட்டுக்கொடுத்த அதே குவார்ட்டர்பேக்!

2017 டிசம்பர் 10-ல் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. டிரேட் கெடு முடிந்துவிட்ட நேரம். யாரையும் வாங்க முடியாது. ஃபோல்ஸ் களமிறங்கினார். 2018 ஜனவரியில் அரையிறுதி போன்ற என்.எஃப்.சி. சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் எதிரணி யார்? வைக்கிங்ஸ். 38-7 என்று ஈகிள்ஸ் நொறுக்கியது. பிப்ரவரி 4-ல் சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை 41-33 என வீழ்த்தி முதல் சூப்பர் பவுல் கோப்பையை வென்றது. ஆட்ட நாயகன் ஃபோல்ஸ். கடைசி நிமிடங்களில் டாம் பிரேடியின் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட பந்தைக் கைப்பற்றியவர் பார்னெட். ஆட்டம் நடந்த இடம், மின்னியாபொலிஸ் நகரில் உள்ள வைக்கிங்ஸின் சொந்த ஸ்டேடியம்!

அந்த 4-வது சுற்று வாய்ப்பில் வந்த ஜாஷ் ஸ்வெட்டும் 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் மீண்டும் சூப்பர் பவுல் வென்றபோது முக்கியப் பங்காற்றினார். ஒரு பேக்கப்பை முன்கூட்டியே எடுத்துவைத்ததன் பலன் இவ்வளவு தூரம் நீண்டது.

விலை இறங்கிய கதை: ட்ரே லான்ஸ்

இப்போது மறுபக்கம். 2021-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி 3 முதல் சுற்று வாய்ப்புகளையும், ஒரு 3-வது சுற்று வாய்ப்பையும் கொடுத்து டிராஃப்டில் 3-வது இடத்துக்கு முன்னேறியது. எடுத்தது ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. 2022-ல் அவர் கணுக்கால் முறிந்தது. அந்த இடத்தை, அதே ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளாக 262-வது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி பிடித்துக்கொண்டார்.

2023 மார்ச்சில் அந்த அணி சாம் டார்னால்டை ஓராண்டுக்கு சுமார் 45 லட்சம் டாலரில் ஒப்பந்தம் செய்தது. ஆகஸ்டில் ‘டார்னால்டுதான் எங்கள் இரண்டாவது ஆள்’ என்று அணி முடிவு செய்தது. லான்ஸ் மூன்றாவது ஆளாகிவிட்டார். இரண்டே நாளில் டல்லாஸ் கௌபாய்ஸ் அவரை வாங்கியது. கொடுத்த விலை? ஒரே ஒரு 4-வது சுற்று வாய்ப்பு.

லான்ஸ் அதுவரை ஆடிய நேரமே குறைவு, காயமும் உண்டு. எனவே விலை எப்படியும் குறைந்திருக்கும். ஆனால் அவருக்கு அணியில் இடமில்லை என்று வெளிப்படையாகத் தெரிந்தபிறகு, பேரம் பேசும் பலம் முழுக்க வாங்குபவர் பக்கம் போய்விட்டது.

ஒரே அணி, மூன்று விதமான பாடம்

வைக்கிங்ஸ் கதைக்கே திரும்புவோம். 2023 அக்டோபர் 29-ல் அவர்களின் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸின் குதிகால் தசைநார் அறுந்தது. டிரேட் கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. இந்த முறை அரிசோனா கார்டினல்ஸிடமிருந்து ஜோஷுவா டாப்ஸை வாங்கினார்கள். கொடுத்தது வெறும் 6-வது சுற்று வாய்ப்பு. ஐந்து நாள் கழித்து, ஆட்டத்தின் இடையே உள்ளே வந்து அட்லாண்டா அணிக்கு எதிராக வெற்றி தேடித்தந்தார் டாப்ஸ்.

2016-ல் முதல் சுற்று, 2023-ல் ஆறாவது சுற்று. ஏன் இந்த வித்தியாசம்? பிராட்ஃபோர்ட் இன்னொரு அணியின் முதல்நிலை வீரர். டாப்ஸோ அணி மாறிக்கொண்டே இருந்த பேக்கப். தவிர, கார்டினல்ஸின் உண்மையான குவார்ட்டர்பேக் கைலர் மரே காயத்திலிருந்து திரும்பும் நேரம். அவர்களுக்கு டாப்ஸ் தேவைப்படவில்லை. 2016-ல் முழு சீசனும் பாக்கி, 2023-ல் பாதி சீசன் ஓடிவிட்டது.

மூன்றாவது பாடம் 2024. வைக்கிங்ஸ் மார்ச்சிலேயே டார்னால்டை ஓராண்டுக்கு சுமார் 1 கோடி டாலரில் எடுத்துவிட்டது. ஆம், அதே சாம் டார்னால்டுதான். அடுத்த மாதம் டிராஃப்டில் 10-வது இடத்தில் ஜே.ஜே. மெக்கார்த்தியை எடுத்தார்கள். ஆகஸ்டில் மெக்கார்த்திக்கு முழங்கால் காயம், அறுவை சிகிச்சை, சீசன் முழுக்க அவுட். 2016-ல் வந்த அதே ஆகஸ்ட் மாதம், அதே அணி, அதே முழங்கால்!

ஆனால் இம்முறை யாரிடமும் போய் கையேந்தவில்லை. ஒரு டிராஃப்ட் வாய்ப்பைக்கூட இழக்கவில்லை. டார்னால்ட் 17 ஆட்டங்களையும் தொடங்கினார். 14 வெற்றி. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான்.

அணிகள் ஏன் மே மாதம்வரை காத்திருக்கின்றன?

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிக்குப் போய்விட்டால், இழந்த அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் ஈடாக கூடுதல் வாய்ப்பு கிடைக்கலாம். ஆனால் அந்த அணியும் அதே மாதிரி வெளியிலிருந்து ஆட்களை எடுத்தால், அது கணக்கில் கழிக்கப்படும்.

அதாவது மார்ச்சில் நல்ல சம்பளத்துக்கு ஒரு பேக்கப்பை எடுத்தால், கிடைக்கவிருந்த டிராஃப்ட் வாய்ப்பு பறிபோகலாம். ஆனால் பழைய அணியால் விடுவிக்கப்பட்ட வீரரை எடுத்தால் கணக்கில் வராது. டிராஃப்ட் முடிந்த சில நாட்களுக்குப் பிறகு எடுத்தாலும் வராது. டிரேடில் வாங்கினாலும் வராது. சில அணிகள் மார்ச்சில் பொறுமை காப்பதும், பிறகு சிறிய டிரேடுகளில் இறங்குவதும் இதனால்தான்.

கூடுதல் சரக்கு வைத்திருந்தால் லாபம்!

2025-ல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் ஒரே நேரத்தில் ஜோ ஃபிளாக்கோ, கென்னி பிக்கெட், டில்லன் கேப்ரியல், ஷடூர் சாண்டர்ஸ் என நான்கு பேரைச் சேர்த்தது. ‘எதுக்கு இத்தனை பேர்?’ என்று ரசிகர்கள் கேட்கலாம்தான். ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸின் பேக்கப் காயமடைந்ததும், பிக்கெட்டை விற்று ஒரு 5-வது சுற்று வாய்ப்பு பெற்றது பிரவுன்ஸ். அக்டோபரில் சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜோ பரோ காயத்தால் வெளியே இருக்க, மாற்று ஆளும் சோபிக்கவில்லை. உடனே 40 வயது ஃபிளாக்கோ அங்கே போனார். பிரவுன்ஸ் தன் 6-வது சுற்று வாய்ப்பைக் கொடுத்து 5-வது சுற்று வாய்ப்பைப் பெற்றது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே பிரிவில் மோதிக்கொள்ளும் பரம எதிரிகள்!

கெடு முடிந்துவிட்டால்?

சீசனின் 9-வது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமையோடு டிரேட் கதவு மூடப்படும். அதன்பிறகு அணியில்லாத வீரர்கள்தான் கதி. 2023 நவம்பரில் இதே பிரவுன்ஸ், வீட்டில் இருந்த 38 வயது ஃபிளாக்கோவை அழைத்தது. 5 ஆட்டங்களில் 4 வெற்றி, பிளே-ஆஃப் வாய்ப்பு. ஆனால் எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்காது. அதே சீசனில் நியூயார்க் ஜெட்ஸின் ஆரோன் ராஜர்ஸ் முதல் ஆட்டத்தின் நான்காவது பந்திலேயே காயமடைந்தார். கையில் இருந்தவர்களை வைத்தே சமாளிக்கப் பார்த்த ஜெட்ஸ், 10 ஆட்டங்களில் தோற்றது.

அடுத்த முறை செய்தி வந்தால் என்ன பார்க்கணும்?

‘இன்னார் பேக்கப்பாக ஒப்பந்தம்’ என்று ஒரு வரிச் செய்தி வந்தால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். அந்த அணியில் ஏற்கெனவே எத்தனை குவார்ட்டர்பேக் இருக்கிறார்கள்? யாராவது ஒருவர் வெளியே போக வேண்டிவருமா? அதே நேரத்தில் வேறெந்த அணிக்கு அவசரத் தேவை இருக்கிறது?

2025 ஆகஸ்டில் இதற்கு ஒரு கச்சிதமான உதாரணம் கிடைத்தது. ஈகிள்ஸின் மாற்று குவார்ட்டர்பேக் டேனர் மெக்கீக்கு கையில் காயம். வைக்கிங்ஸ் தன் பேக்கப் சாம் ஹவலை ஈகிள்ஸுக்கு டிரேட் செய்தது. காலியான அந்த இடத்துக்கு உடனே அனுபவ வீரர் ஒருவரை ஒப்பந்தம் செய்தது.

அவர் வேறு யாருமல்ல, கார்சன் வென்ட்ஸ். 2016-ல் எவருக்கு வழிவிட பிராட்ஃபோர்ட் மின்னசோட்டாவுக்கு அனுப்பப்பட்டாரோ, அவரே 2025-ல் அங்கே பேக்கப் ஆனார். சீசனின் 2-வது வாரத்தில் மெக்கார்த்தி கணுக்காலில் காயமடைய, 3-வது வாரம் வென்ட்ஸ் களமிறங்கினார்.